நிலம் விற்ற பணம் நிலக்கரிக்குப் போகும் வழி

பத்திரம் என்றால் உழவருக்கு நினைவுக்கு வருவது கிரயப் பத்திரம். பெட்டியின் அடியில் துணியில் சுற்றி வைத்திருக்கும் தாள். பணம் புரட்டுகிற உலகத்தில் அதே சொல்லுக்கு வேறு பொருள். அங்கே பத்திரம் என்றால் கடன் பத்திரம். "உன் பணத்தை எனக்குக் கொடு, இத்தனை ஆண்டு கழித்துத் திருப்பித் தருகிறேன், அதுவரை இத்தனை விழுக்காடு வட்டி" என்று ஒரு நிறுவனம் எழுதிக் கொடுக்கும் சீட்டு. கிராமத்தில் புரோநோட்டு எழுதுவோமே, அதன் பெரிய வடிவம்.

இந்த இரண்டு பத்திரங்களுக்கும் நடுவில் ஒரு பாதை இருக்கிறது. நம்மில் ஒருவர் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு நிலத்தை விற்கிறார். வந்த பணத்தில் கடன் பத்திரம் வாங்குகிறார். அந்தப் பணம் பல கை மாறி அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. அந்த அனல்மின் நிலையத்துக்காக வேறொரு மாவட்டத்தில் இன்னோர் உழவரின் நிலம் எடுக்கப்படுகிறது. இதில் யாரும் திட்டமிட்டு யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. ஆனால் நடப்பது இதுதான். அதனால்தான் இதை நம் இதழில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஆடிட்டர் சொல்லும் பத்திரம்

கொங்குப் பகுதியில் ஊர் ஓரத்துத் தோட்டங்கள் மனைகளாக மாறிக்கொண்டே வருவதைச் சொல்லத் தேவையில்லை. விற்றவர்களில் பலருக்கு விற்ற பிறகுதான் ஒரு விஷயம் தெரிய வருகிறது. எல்லா விவசாய நிலத்துக்கும் வரி விலக்கு கிடையாது. நகராட்சி எல்லைக்குள் இருந்தாலோ, எல்லையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் இருந்தாலோ, வருமான வரித் துறை கணக்கில் அது கிராமத்து விவசாய நிலம் இல்லை. அந்த ஊரின் மக்கள்தொகை 10,000 முதல் 1 லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர், 10 லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டர், அதற்கு மேல் என்றால் 8 கிலோமீட்டர். அந்த வட்டத்துக்குள் இருக்கும் தோட்டத்தை விற்றால் வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு.

அப்போது ஆடிட்டர் ஒரு வழி சொல்வார். வருமான வரிச் சட்டம் 1961-இன் 54 இ.சி. பிரிவு. விற்ற ஆறு மாதத்துக்குள் அந்த லாபத்தை, 50 லட்சம் ரூபாய் வரை, அரசு குறிப்பிட்ட சில நிறுவனங்களின் கடன் பத்திரத்தில் போட்டால் அந்தத் தொகைக்கு வரி இல்லை. ஐந்து ஆண்டு எடுக்க முடியாது. வட்டி அண்மை ஆண்டுகளில் 5.25 விழுக்காடு. அந்த வட்டிக்கு வரி உண்டு.

எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் இப்படிப்பட்ட நிலையில் என்னிடம் கேட்டார்: "ஏங்கண்ணு, ஆர்.இ.சி. பாண்டுல போட்டுரலாமுங்கறாரு ஆடிட்டரு. அது நம்ம கரண்டாபீசு சமாச்சாரந்தானே? மோட்டாருக்குக் கரண்டு குடுக்கறவங்கதானே?"

"ஆமாங்க, ஒரு காலத்துல அதுக்குத்தான் ஆரம்பிச்சாங்க" என்றேன்.

"இப்ப?"

அந்த "இப்ப"வுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

பம்புசெட்டுக்காகப் பிறந்த நிறுவனம்

ஆர்.இ.சி. என்பது ஊரக மின்மயக் கழகம். 1969-ல் மத்திய அரசு தொடங்கியது. 1960-களின் நடுவில் நாட்டில் அடுத்தடுத்து மழை பொய்த்துப் பஞ்சம் தலைகாட்டியது. மழையை மட்டும் நம்பி இருந்தால் சோறு இல்லை, கிணற்றுத் தண்ணீரை மேலே கொண்டுவர மின்மோட்டார் வேண்டும் என்று முடிவானது. மாநில மின்வாரியங்கள் கிராமத்துக்குக் கம்பி இழுக்கவும் பம்புசெட்டுகளுக்கு இணைப்புக் கொடுக்கவும் கடன் தர ஒரு நிறுவனம் தேவைப்பட்டது. அப்படிப் பிறந்ததுதான் இது. உழவரின் கிணற்றை முன்னிட்டுப் பிறந்த நிறுவனம்.

1986-ல் பி.எஃப்.சி. என்கிற மின்நிதிக் கழகம் வந்தது. மின்நிலையம், மின்தொடர் என்று பெரிய வேலைகளுக்குக் கடன் தருவது அதன் தொழில். போகப்போக ஆர்.இ.சி.யும் கம்பி இழுப்பதோடு நிற்காமல் மின்நிலையங்களுக்கும் கடன் கொடுக்க ஆரம்பித்தது. 2018-ல் தன் பெயரிலிருந்து 'ஊரக மின்மயம்' என்ற சொற்களையே எடுத்துவிட்டு, வெறும் ஆர்.இ.சி. லிமிடெட் ஆனது. 2019 மார்ச்சில் அதில் அரசுக்கு இருந்த 52.63 விழுக்காடு பங்கைப் பி.எஃப்.சி. சுமார் 14,500 கோடி ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டது. இன்று இரண்டும் சேர்ந்து வெளியே கொடுத்திருக்கும் கடன் 10 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது.

இவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது? வங்கி போல இவர்கள் நம்மிடம் சேமிப்புக் கணக்கு திறப்பதில்லை. பெரும் பகுதி கடன் பத்திரம் விற்றுத்தான் வருகிறது. ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் வாங்குகின்றன. தொழிலாளர் வருங்கால வைப்புநிதிப் பணம் பொதுத்துறைப் பத்திரங்களில் போடப்படுகிறது. நிலம், வீடு விற்றவர்கள் 54 இ.சி. வழியில் வாங்குகிறார்கள். ஆகவே "நான் பத்திரமே வாங்கியதில்லை" என்று சொல்பவரின் பணமும், பி.எஃப். பிடித்தம் வழியாகவோ காப்பீட்டுத் தவணை வழியாகவோ அங்கே இருக்கலாம்.

நியாயமாகச் சொன்னால், இந்த நிறுவனங்கள் நிலக்கரிக்கு மட்டும் கடன் கொடுப்பதில்லை. காற்றாலை, சூரிய மின்சாரம், மின்விநியோகம் எல்லாவற்றுக்கும் கொடுக்கின்றன. ஆனால் எல்லாப் பணமும் ஒரே தொட்டியில்தான் விழுகிறது. நம் குடத்துத் தண்ணீர் எந்த வாய்க்காலில் போனது என்று தொட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. நாட்டில் அனல்மின் நிலையங்களுக்குப் பெரிய அளவில் கடன் தரும் வாசல்களில் முதல் வரிசையில் இருப்பவை இவை இரண்டும் என்பது மட்டும் உறுதி.

ஒரு மணி நேரத்துக்குப் பத்து லட்சம்

தூத்துக்குடி மாவட்டம் உடன்குடி. கருப்பட்டிக்குப் பெயர் போன பனங்காட்டுப் பூமி. அங்கே கடற்கரை ஓரம் 660 மெகாவாட் அலகுகள் இரண்டு, மொத்தம் 1,320 மெகாவாட் அனல்மின் நிலையம். 2017 டிசம்பரில் பெல் நிறுவனத்திடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. மதிப்பீடு சுமார் 13,000 கோடி ரூபாய். நிலக்கரிக் கப்பல் நிற்பதற்குக் கடலுக்குள் நீளமான பாலம். முதலில் சொன்ன கெடு தாண்டி ஆண்டுகள் ஓடிவிட்டன.

இந்த மாதிரித் திட்டங்களில் முதலீட்டின் பெரும் பகுதி கடன்தான். தமிழக மின்வாரியத்துக்கு நெடுங்காலமாகப் பெரிய அளவில் கடன் கொடுத்துவருபவர்கள் பி.எஃப்.சி.யும் ஆர்.இ.சி.யும். இனி வருவது நானே போட்ட மாதிரிக் கணக்கு. எந்தத் திட்டத்தின் பேரேட்டிலிருந்தும் எடுத்தது இல்லை. 10,000 கோடி ரூபாய் கடன், 9 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு வட்டி 900 கோடி. ஒரு நாளைக்கு ஏறத்தாழ இரண்டரை கோடி. ஒரு மணி நேரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய். ஒரு யூனிட் மின்சாரம் கூட வராத நாளிலும் இந்த வட்டி ஓடும். கட்டி முடிக்கும்வரை ஓடும் வட்டியைத் திட்டச் செலவிலேயே சேர்த்துவிடுவார்கள். நான்கு ஆண்டு தாமதமானால், வட்டிக்கு வட்டி போடாமலே, 3,600 கோடி கூடும். அந்தக் கூடுதல் செலவு அப்புறம் யூனிட் விலையில் வந்து உட்காரும்.

நம் வீட்டில் கிணறு வெட்டக் கடன் வாங்கினால், தண்ணீர் வருவதற்கு முன்னால் வட்டி கட்டும் வலி நமக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் சேர்த்து வெட்டும் இந்தக் கிணற்றில் அந்த வலி யாருக்கும் தெரிவதில்லை. பில்லில் சில பைசாவாகப் பிரிந்து வருவதால் கண்ணில் படுவதில்லை.

இராமநாதபுரம் மாவட்டம் உப்பூரில் 1,600 மெகாவாட் என்று தொடங்கிய வேலை, உழவர்களும் மீனவர்களும் எதிர்த்து, வழக்குகள் நடந்து, பாதியில் நின்றது. திட்டம் நின்றாலும் அதற்காக வாங்கிய கடன் நிற்காது.

அதற்கு யார் பணம் கட்டுகிறார்கள்?

பத்திரம் வாங்கியவருக்கு வட்டி தவறாமல் வந்துவிடும். ஆர்.இ.சி. பத்திரங்களுக்கு உயர்ந்த தரச் சான்று உண்டு. இதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு திட்டம் நொடித்தால் அந்தச் சுமை எங்கோ இறங்கத்தான் வேண்டும்.

முதலில் மின்வாரியத்தின் தலையில் இறங்கும். மின்சாரம் வாங்கும் ஒப்பந்தங்களில் இரண்டு கட்டணம் உண்டு. எரிபொருளுக்கு ஒன்று. கடன், வட்டி, லாபம் எல்லாவற்றுக்கும் சேர்த்து நிலைக் கட்டணம் என்று இன்னொன்று. நிலையம் ஓடத் தயாராக இருந்தால் போதும், மின்சாரம் வாங்காவிட்டாலும் நிலைக் கட்டணம் கட்ட வேண்டும். ஓடாத வாடகை வண்டிக்கும் நாள் வாடகை கொடுப்பது மாதிரி.

வாரியத்தால் முடியாதபோது அரசின் தலைக்கு மாறும். 2017 ஜனவரியில் தமிழ்நாடு உதய் திட்டத்தில் சேர்ந்தது. வாரியத்தின் 30,420 கோடி ரூபாய் கடனில் முக்கால் பங்கு, அதாவது 22,815 கோடி ரூபாயை மாநில அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டு, அதற்கு அரசே பத்திரம் எழுதிக் கொடுத்தது. அரசின் தலை என்றால் நம் எல்லோரின் தலை. பள்ளிக்கூடத்துக்கும் ஏரிக்கரைக்கும் போக வேண்டிய வரிப்பணம்.

பிறகு மின்நுகர்வோர். 2022 செப்டம்பரில் பெரிய கட்டண உயர்வு வந்தது. 2023, 2024 ஜூலையிலும் விலைவாசிக் குறியீட்டைக் காட்டி உயர்த்தினார்கள். நம் பம்புசெட்டுக்கு இலவசம் என்பதால் நமக்குத் தொடர்பில்லை என்று இருந்துவிட முடியாது. எண்ணெய்ச் செக்கு, அரவை மில், குளிர்பதனக் கிடங்கு, வீடு எல்லாம் பில் கட்டித்தான் ஓடுகின்றன. வாரியத்தின் கடன் ஏறும்போதெல்லாம் "இலவச மின்சாரம்தான் காரணம்" என்று முதல் விரல் நம் பக்கம் நீளும். பாதியில் நிற்கும் மின்நிலையத்தின் வட்டிக்கணக்கை யாரும் எடுத்துக் காட்ட மாட்டார்கள்.

இது நம் மாநிலத்தோடு முடியும் கதையும் இல்லை. 2018-ல் நாடாளுமன்ற எரிசக்தி நிலைக்குழு ஒரு பட்டியலை ஆராய்ந்தது. நாட்டில் 34 அனல்மின் திட்டங்கள், மொத்தம் 40,130 மெகாவாட், கடன் கட்ட முடியாமல் தத்தளித்தன. நிலக்கரி கிடைக்காதது, மின்சாரம் வாங்க ஆள் இல்லாதது, நிலம் எடுப்பதில் தாமதம், செலவு ஏறியது என்று காரணங்கள் வரிசையாக இருந்தன. கடன் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பொதுத்துறை வங்கிகளும் பொதுத்துறை நிதி நிறுவனங்களும். உழவர் கடன் தள்ளுபடி என்றால் விவாதம் நடத்தும் தொலைக்காட்சிகள் இந்தப் பட்டியலுக்கு எத்தனை நாள் ஒதுக்கின என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு பைசாவின் அருமை தெரிந்தவர்கள் நாம். 1970-ல் மின்கட்டணம் யூனிட்டுக்கு ஒரு பைசா ஏறியதை எதிர்த்துப் பெருமாநல்லூரில் மூன்று உழவர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டுவண்டிகள் கோவையை நிறைத்தன. அந்த வழி வந்தவர்கள் மணிக்குப் பத்து லட்சம் வட்டியைப் பற்றிக் கேட்காமல் இருக்கலாமா?

பத்திரத்தில் எழுதாத செலவு

கடன் கொடுப்பவர் பார்ப்பது ஒன்றுதான்: பணம் திரும்பி வருமா? மண்ணும் தண்ணீரும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு 30 முதல் 45 பங்கு சாம்பல். எரித்த பிறகு அதைக் கொட்ட இடம் வேண்டும். எண்ணூரில் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் சாம்பல் குழாய் கசிந்து ஆறும் உப்பங்கழியும் மேடிட்டது பசுமைத் தீர்ப்பாயம் வரை போன வழக்கு. புகைபோக்கியில் வரும் கந்தக டை ஆக்சைடைப் பிடிக்கும் கருவி பொருத்த 2015 டிசம்பரில் விதி போட்டார்கள். 2017-க்குள் முடிக்கச் சொன்னார்கள். கெடு தள்ளிக்கொண்டே போனது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தக் கருவியே வேண்டாம் என்று விலக்கு வந்துவிட்டது. இலையில் படியும் சாம்பலும், காற்றில் வரும் கந்தகமும் பயிருக்கு என்ன செய்யும் என்பதை இயற்கை உழவருக்கு விளக்க வேண்டியதில்லை. பூச்சிக்கொல்லி அடிக்காமல் பயிர் வளர்ப்பவர் வானத்திலிருந்து விழுவதை எப்படித் தடுப்பார்?

நெய்வேலியின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். என்.எல்.சி.யும் கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டுகிற நிறுவனம்தான். 2019-ல் 8.09 விழுக்காடு வட்டியில் 1,475 கோடி ரூபாய் திரட்டியது. 2023 ஜூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக, நட்டு வளர்ந்து நின்ற நெல் வயலில் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே எடுக்கப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். அறுவடை வரை பொறுத்திருக்கக் கூடாதா என்று சென்னை உயர் நீதிமன்றமே கேட்டது. பயிர் இழப்புக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. அந்தப் படங்களைப் பார்த்து நாம் எல்லோரும் கொதித்தோம். ஆனால் இப்படிப்பட்ட நிறுவனங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று அன்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

அமெரிக்கச் சிற்றூர்கள் கற்ற பாடம்

இப்படி மாட்டிக்கொண்டது நாம் மட்டும் இல்லை. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் பிரெய்ரி ஸ்டேட் என்று ஒரு நிலக்கரி மின்நிலையம். 1,600 மெகாவாட். பக்கத்திலேயே சுரங்கம். பீபாடி என்ற பெரிய நிலக்கரிக் கம்பெனி கொண்டுவந்த திட்டம் அது. பணம் போட்டவர்கள் பல மாநிலங்களின் சிறு நகராட்சிகளும் கிராம மின்கூட்டுறவுகளும். அந்த ஊர்களின் பேரில் பொதுப் பத்திரங்கள் விற்கப்பட்டன. "ஐம்பது ஆண்டுக்கு மலிவு மின்சாரம்" என்கிற மாதிரி நம்பிக்கை ஊட்டப்பட்டது. சேர்ந்த ஊர்கள் பல பத்தாண்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டன. மின்சாரம் வந்தாலும் வராவிட்டாலும் கடன் தவணை கட்டியே ஆக வேண்டும் என்பது அதன் சாரம்.

செலவு ஏறி ஏறிச் சுமார் 500 கோடி டாலரில் போய் நின்றது. 2012-ல் ஓடத் தொடங்கியபோது ஆரம்ப ஆண்டுகளில் அடிக்கடி பழுது. அதற்குள் சந்தையில் எரிவாயு மின்சாரம் மலிந்துவிட்டது. மலிவுக்கு ஆசைப்பட்ட ஊர்கள் சந்தை விலையை விடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டி வந்தது. சில ஊர்களில் மக்கள் நீதிமன்றம் போனார்கள். திட்டத்தைக் கொண்டுவந்த பீபாடி, தன்னிடம் மிச்சம் இருந்த 5 விழுக்காடு பங்கை 2016-ல் 5.7 கோடி டாலருக்கு விற்றுவிட்டு வெளியேறியது. ஊர்களால் அப்படி வெளியேற முடியவில்லை. 2021-ல் இல்லினாய்ஸ் சட்டம் ஒன்று அந்த நிலையம் 2045-க்குள் மூடப்பட வேண்டும் என்று சொல்லிவிட்டது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது எளிது. நிலக்கரி மின்நிலையத்துக்கு ஆயுள் முப்பது, நாற்பது ஆண்டு. அதற்கான கடனும் நீண்ட கடன். இன்று கையெழுத்துப் போடுபவர் அன்று பதவியில் இருக்க மாட்டார். விலை மாறும், சட்டம் மாறும். கடன் மட்டும் நம் பிள்ளைகளின் தலையில் அப்படியே நிற்கும்.

"அப்ப கரண்டு வேண்டாமா?"

கூட்டங்களில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். நியாயமான கேள்வி. மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று நடு ராத்திரியில் கண் விழித்திருந்தவர்களுக்கு "மின்நிலையம் வேண்டாம்" என்ற பேச்சு எரிச்சலாகத்தான் இருக்கும். நிலக்கரியை நாளைக் காலையே நிறுத்திவிட முடியும் என்று நானும் சொல்லவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிலையங்கள் கொஞ்ச காலம் ஓடத்தான் செய்யும். என் கேள்வி, புதிதாக முப்பது ஆண்டுக் கடன் வாங்கிக் கட்டுவது பற்றி.

2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லா சூரிய மின்பூங்காவுக்கு நடந்த ஏலத்தில் யூனிட் 2 ரூபாய் 44 பைசாவுக்குக் கேட்டார்கள். சூரியன் இரவில் இல்லை, உண்மை. ஆனால் நம் பம்புசெட்டு பகலில் ஓடினால் போதும். தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நேரமும் வெயில் அடிக்கும் நேரமும் ஒன்றுதான். ராத்திரிப் பாம்புக்கடிக்குப் பயந்து மடை திருப்ப வேண்டியதில்லை. சூரிய பம்புசெட்டுக்கு மானியம் தர 2019-ல் குசும் திட்டம் வந்தது.

அதே நேரம், சூரியன் என்ற பெயர் இருந்தால் எல்லாம் நல்லது என்றும் ஆகிவிடாது. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் பரந்து கிடக்கிறது. மேய்ச்சல் நிலமும் மானாவாரிக் காடும் கண்ணாடித் தகடுக்கு அடியில் போனால் ஆடு மாடு வைத்திருப்பவர் எங்கே போவார்? கூரை மேல், வாய்க்கால் மேல், கிணற்று மேட்டில், தரிசில் என்று சிறிது சிறிதாகப் பரவுவதுதான் உழவருக்கு உகந்த வழி. எதற்குக் கடன் கொடுத்தாலும் "யாருடைய நிலத்தில்?" என்ற கேள்வி கூடவே வர வேண்டும்.

நம் கையில் இருப்பது

நிலத்தை விற்க வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். கல்யாணம், மருத்துவம், கடன் என்று விற்றே ஆக வேண்டிய நிலைமை வரும்போது இவற்றை மனதில் வையுங்கள்.

முதலாவது, 54 பி பிரிவு. இதைப் பல ஆடிட்டர்கள் கேட்டால்தான் சொல்கிறார்கள். விற்ற நிலத்தில் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டு நீங்களோ உங்கள் பெற்றோரோ விவசாயம் செய்திருந்தால், விற்ற இரண்டு ஆண்டுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கலாம். அதற்குப் போட்ட தொகை அளவுக்கு மூலதன ஆதாய வரி இல்லை. வாங்கிய நிலத்தை மூன்று ஆண்டுக்குள் விற்கக் கூடாது. உடனே நிலம் அமையாவிட்டால், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் வங்கியில் மூலதன ஆதாயக் கணக்குத் தொடங்கிப் பணத்தைப் போட்டு வைக்கலாம். சாகுபடி செய்ததற்கு அடங்கல் ஆதாரம் வேண்டும். வருடா வருடம் அடங்கல் வாங்கி வைக்கும் பழக்கம் இதற்காகவே நல்லது. மண்ணை விற்ற பணம் மண்ணுக்கே திரும்ப இதைவிட நேரான வழி இல்லை.

இரண்டாவது, பத்திரம்தான் வாங்க வேண்டும் என்றால் எந்தப் பத்திரம் என்று கேளுங்கள். 2025 ஜூலையில் ஐ.ஆர்.இ.டி.ஏ. என்ற மரபுசாரா எரிசக்தி மேம்பாட்டு முகமையின் பத்திரங்களும் 54 இ.சி. சலுகைக்குள் வந்துவிட்டன. 1987-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் இது. இந்தப் பத்திரப் பணத்தைப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் திட்டங்களுக்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும் என்று அறிவிப்பிலேயே இருக்கிறது. அதே ஐந்து ஆண்டு, அதே 50 லட்சம் வரம்பு, அதே வரி விலக்கு. அப்போதைய வட்டியை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. பழைய எண்ணைச் சொன்னாலே ஆடிட்டருக்குப் புரியும்.

"பத்திரமே வேண்டாம், வரியைக் கட்டிவிட்டு வங்கியில் போடுகிறேன்" என்பவர்களுக்கும் ஒரு கணக்கு. லாபம் 40 லட்சம் என்றால் 12.5 விழுக்காட்டில் வரி 5 லட்சம். மீதி 35 லட்சத்துக்கு வங்கியில் 7 விழுக்காடு கிடைத்தால் ஆண்டுக்கு 2.45 லட்சம், ஐந்து ஆண்டில் மொத்தம் 47.25 லட்சம். பத்திரத்தில் 40 லட்சம் போட்டு 5.25 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 2.10 லட்சம், ஐந்து ஆண்டில் 50.50 லட்சம். கையில் இருக்கும் காசைப் பொறுத்தவரை பத்திரம்தான் மேல். ஆகவே மனசாட்சிக்காக நட்டப்படுங்கள் என்று யாரையும் கேட்கவில்லை. நட்டமே இல்லாமல் மாற்றி வைக்க வழி இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

மூன்றாவது, கேள்வி கேட்கும் இடங்களுக்குப் போக வேண்டும். மின்கட்டணம் உயர்த்தும் முன் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறது. அங்கே தொழில் அமைப்புகள் புள்ளிவிவரத்தோடு வருகின்றன. நாமும் போக வேண்டும். கட்டுமானத்தில் இருக்கும் ஒவ்வொரு நிலையத்துக்கும் இதுவரை ஓடிய வட்டி எவ்வளவு, தாமதத்துக்கு யார் பொறுப்பு, அந்த வட்டியை ஏன் நுகர்வோர் தலையில் ஏற்ற வேண்டும் என்று எழுத்தில் கேட்க வேண்டும். பதில் பதிவாகும். தகவல் உரிமைச் சட்டத்தில் மின்வாரியத்திடமும், பொதுத்துறை நிறுவனங்களான பி.எஃப்.சி., ஆர்.இ.சி.யிடமும் இதையே கேட்கலாம்.

நான்காவது, நம் சங்கங்களின் தீர்மானம். நிலம் கையகப்படுத்துவதை எதிர்த்து ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கிறோம். அது தேவைதான். ஆனால் ஆட்சியருக்கு ஆணை வரும்போது பணம் ஏற்கெனவே ஒதுக்கியாகிவிட்டது. கடன் ஒப்புதல் ஆகும் கட்டத்திலேயே கடன் கொடுப்பவருக்கு எழுத வேண்டும்: "இந்தத் திட்டத்துக்கு நிலம் தர இத்தனை ஊர் கிராமசபை மறுத்திருக்கிறது, தீர்மான நகல் இணைப்பு." நிலம் கிடைக்காத திட்டத்தில் பணம் மாட்டிக்கொள்ளும் என்பது கடன் கொடுப்பவருக்குப் புரியும் மொழி. நாடாளுமன்றக் குழு பார்த்த 34 திட்டங்களின் நெருக்கடிக்குச் சொன்ன காரணங்களில் நிலமும் ஒன்று.

நம்மாழ்வார் ஐயா கடைசி நாட்களில் காவிரிப் படுகையில் மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராக நடந்தார். மண்ணைக் காப்பதென்றால் உரமூட்டையை விடுவது மட்டும் இல்லை, மண்ணுக்கு அடியில் இருப்பதைத் தோண்ட வருபவர்களையும் பார்க்க வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனார். தோண்டும் இயந்திரத்துக்கு யார் பணம் என்று பார்ப்பது அதன் அடுத்த படி.

எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆறு மாதக் கெடுவில் மூன்று மாதம் மிச்சம் இருக்கிறது. தாராபுரம் பக்கம் கிணற்றோடு மூன்று ஏக்கர் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, தண்ணீர் எப்படி என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றிருக்கிறோம்.